வீட்டில் இறக்கிய என்ஜின்

பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு. லீவு விட்ட இரண்டாம் நாளே வேன்காரம்மாவின் வேனிலிருந்து என்ஜினைப் பிடுங்கி வெளியே எடுத்தாயிற்று. வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில், குறுக்கே போட்ட இரும்பு கர்டரில், பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில் அது தொங்கியது. வேன் ஓரமாகப் பொக்கை வாயோடு நின்றது. தெருவில் போனவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு என்ன, வேடிக்கை. பதின்மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறவளுக்குத்தான் கவலை.

வண்டி நாலைந்து மாதமாகவே சரியில்லை. ஆயில் குடித்தது. மூன்று நாளைக்கு ஒரு தரம் ஊற்றினாலும் அதற்குப் போதவில்லை. பின்னால் நீலப் புகை கக்கியது. பிள்ளைகளின் சட்டையெல்லாம் புகை நாற்றம் என்று அம்மாமார்கள் முகம் சுளித்தார்கள். முன்பெல்லாம் கல்குவாரி மேட்டை மூன்றாம் கியரில் ஏறிய வண்டி, இப்போது ஒன்றாம் கியருக்கு இறங்கி, முனகி முனகி ஏறியது. அந்த மேட்டில் என்ஜின் நின்றுபோனால் பிரேக் மிதியும் கல்லாகிவிடும். எவ்வளவு மிதித்தாலும் இறங்காது. ஓட்டுகிறவளுக்கு அது தெரியும். பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

"ஒர்க்‌ஷாப்புல விட்டா அஞ்சு நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாங்க" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

"எந்த ஒர்க்‌ஷாப்புல? கட்டை ஒர்க்‌ஷாப்புலயா?" என்றார் அவள் வீட்டுக்காரர் போர்மேன்.

"நான் கட்டை பேரச் சொன்னேனா?"

"இந்த ரோட்டுல வேற எவன் இருக்கான்? முப்பத்தோரு வருஷம் பஸ் என்ஜின இறக்கி ஏத்தினவன் வீட்டுல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். என் பொண்டாட்டி வண்டிய இன்னொருத்தன் பிரிச்சான்னா எவனும் வாயால சிரிக்க மாட்டான்."

"சரி, நீங்களே இறக்குங்க" என்றாள்.

அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷமாக அந்த மனுஷன் பிளாஸ்டிக் நாற்காலியே கதி என்று கிடந்தார். அன்றைக்கு எழுந்து பழைய காக்கிச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டபோது, முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது.

போர்மேன் என்றால் பஸ் டெப்போவில் போர்மேனாக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவர் கையால் இறுக்கி, அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு பஸ்ஸின் முன்சக்கரம் வளைவில் கழன்று தனியாக ஓடியது. படியில் நின்ற கண்டக்டருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரணை வைத்தார்கள். "நான் இறுக்கினது கழலாது. எனக்குப் பின்னால எவனோ கை வச்சிருக்கான்" என்று கடைசிவரை சாதித்தார் போர்மேன். அவருக்குக் கீழே இருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பஸ்ஸுக்கு அடியில் குனியாமலே நுழைகிற உயரம் என்பதால் டெப்போவே அவனைக் கட்டை என்று கூப்பிடும். "அன்னைக்கு நான் லீவு. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கட்டை தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான். போர்மேனை ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் கட்டையும் வேலையை விட்டுவிட்டு மெயின் ரோட்டில் ஒர்க்‌ஷாப் போட்டான். ஒரு வார்த்தை தாங்கிப் பேசியிருந்தால் நான் தப்பியிருப்பேன் என்பது போர்மேனின் கணக்கு. அந்த ஒர்க்‌ஷாப்பைத் தாண்ட வேண்டுமே என்று பால் வாங்கக்கூட இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போவார்.

வேன்காரம்மா மட்டும் என்ன, அவளும் ஊரெல்லாம் சண்டை போட்டவள்தான். "என் வீட்டுக்காரர் கை தப்பாது" என்று கடைக்காரனிடம் சொன்னாள், கண்டக்டர் மச்சானிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் அவரைத் தனியாக உட்கார வைத்து, நிஜமாகவே இறுக்கினீர்களா என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

விசாரணைக்குப் பிறகு போர்மேனுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. எதை இறுக்கினாலும் போல்ட் தலையில் ஆரம்பித்துப் பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். போல்ட் ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு ஒடிந்து காட்டிக்கொடுத்துவிடும். எவன் கை வைத்தாலும் தப்ப முடியாது. மின்விசிறியில் கோடு, குழாயில் கோடு, குக்கர் கைப்பிடியில் கோடு. அவருடைய அக்கா அவர்களோடுதான் இருக்கிறாள். தையல்காரி, தெருவுக்கு அவள் டெய்லரக்கா. அவளுடைய தையல் மெஷினில் மட்டும் பதினோரு கோடு.

"டேய், எனக்கும் நெத்தியில ஒண்ணு இழுத்து விடுடா. எனக்குக் கழண்டுடுச்சுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க. கோட்டப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்" என்பாள் அவள்.

போர்மேன் சிரிக்கமாட்டார். கோடு விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது.

முதல் நாலு நாள் பிரிக்கிற வேலை. மழை விட்டு விட்டுப் பெய்தது. தகரத்தின் மேல் அது கொட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. என்ஜினை இறக்கி ஒரு பழைய பள்ளிக்கூட பெஞ்சின் மேல் முட்டுக் கொடுத்து உட்கார வைத்தார்கள். மேலே மூடியிருக்கிற ஹெட்டைக் கழற்றினார். அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பைக் கழற்றினார். நாலு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். இரண்டு பெண்களும் மண்ணெண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவினார்கள். சோற்றிலும் மண்ணெண்ணெய் வாடை, டீயிலும் மண்ணெண்ணெய் வாடை.

"இது என்னடா, கரி பிடிச்ச டம்ளர் மாதிரி?" என்றாள் டெய்லரக்கா.

"பிஸ்டன்க்கா அது. கீழ போட்டுத் தொலைச்சிடாத."

"போட்டா என்ன, இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

"வாங்கலாம் வாங்கலாம். உன் பல்செட்ட வித்து வாங்கலாம்."

வேன்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிப் பேசிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. போர்மேன் பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற புது ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் நுழைத்து, அதன் வாய் இடைவெளியில் தகடு விட்டு அளந்து பார்த்தார். "சிலிண்டர் போர் தேயல. ரிங்குதான் செத்துப்போச்சு. ரிங்கும் பேரிங்கும் மாத்தி, வால்வ உக்கார வச்சுட்டா வண்டி குதிரை" என்று தொடையில் தட்டினார். அவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். என்ஜின் அறிவில் அவரை யாரும் அசைக்க முடியாது.

அறிவு சரி. கை?

ஐந்தாம் நாள்தான் அவள் கவனித்தாள். கவனித்தாள் என்பதுகூடப் பொய். ஏற்கெனவே தெரிந்ததை ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். டீ டம்ளரை அவர் இடது கையில் வாங்குவது எத்தனை நாளாக? சட்டைப் பொத்தானைப் போடாமலே சட்டை மாட்டிக்கொள்வது எத்தனை நாளாக? பிஸ்டனுக்கும் அதைத் தாங்குகிற ராடுக்கும் நடுவே உள்ள பின் கழலாமல் இருக்க மோதிரம் மாதிரி ஒரு சின்னக் கம்பிக் கிளிப் உண்டு. அதை எடுக்க வலது கை விரல்களால் நாலு முறை முயன்றார். நாலு முறையும் அது தட்டிலேயே கிடந்தது.

"கிரீஸ் வழுக்குது" என்றார்.

தட்டில் கிரீஸே இல்லை. அவள் கிளிப்பை எடுத்து அவர் இடது கையில் வைத்தாள். டெய்லரக்காவுக்குக் கண்ணில் புரை, ஒன்றும் தெரியவில்லை.

ராடுகளை மாட்டுகிற நாள் வந்தது. ராடு ஒன்றுக்கு இரண்டு போல்ட், மொத்தம் எட்டு. என்ஜினுக்குள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் அடித்துக்கொள்கிற சாமான் அது. ஒரு போல்ட் இளகினால் ராடு என்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், கல்யாணமான புதிதில்.

"என்னங்க, இதுக்கெல்லாம் அளவு காட்டுற ஸ்பேனர் இருக்காமே. டார்க் ரெஞ்ச். அளவு வந்ததும் டக்குன்னு சத்தம் போடுமாம். யார்கிட்டயாவது கேட்டு வாங்கிட்டு வரவா?"

"எதுக்கு?"

"சும்மா, ஒரு நிம்மதிக்கு."

"யாரு நிம்மதிக்கு?"

"கோவப்படாதீங்க. பிள்ளைங்க வண்டி, அதான்..."

"டார்க் ரெஞ்ச் கையில்லாதவனுக்கு. எனக்குக் கை இருக்கு. போல்ட்டு இறுகினா அது தோள்பட்டைக்கு வந்து சொல்லும். முப்பத்தோரு வருஷமா சொல்லியிருக்கு. டெப்போவுல எம்டியே வந்து நின்னு பாத்துட்டு, இவன் கையே மீட்டருன்னு சொன்னான். நீ இப்ப எனக்குப் பாடம் எடுக்க வந்துட்ட."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா."

"சொல்லாத. அவனுங்க சொன்னது போதும்."

இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து, உடம்பையே சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினார். தோள்பட்டை சொன்னதோ இல்லையோ, "ஆச்சு" என்றார். உடனே பெயிண்ட் டப்பாவும் பிரஷும். கோடு மண்புழு நெளிகிற மாதிரி விழுந்தது. அவர் அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் ஹெட் ஏறியது. அதில் பத்து போல்ட். பத்து முறை "ஆச்சு", பத்து மண்புழு.

அவளுக்கு அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. இந்த மனுஷனிடம் போய் உன் கை போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவரிடம் மிச்சம் இருக்கிற உயிரும் போய்விடும். சொல்லாமல் ஓட்டினால்? மேட்டில் வண்டி நிற்கிறது, பிரேக் கல்லாகிறது, பின்னோக்கி உருள்கிறது. பகலில் கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது. அதற்கு நடுவில் பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளையின் அம்மா போன் போட்டு, "திங்கக்கிழமை வேன் வந்துடும்ல, நம்பலாம்ல?" என்று கேட்டாள். "நம்பலாம்மா" என்றாள் வேன்காரம்மா. சொல்லிவிட்டுத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆயில் கசியாமல் இருக்கச் சம்ப்புக்கு வைக்கிற பேக்கிங் அளவு மாறி வந்துவிட்டது. அதை மாற்றிக்கொண்டுதான் அடியை மூட வேண்டும். டெய்லரக்காவுக்கும் கண் ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் நாள் கொடுத்திருந்தார்கள். காலையில் போர்மேன் அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். திரும்ப மதியம் ஆகும். பஸ் கண்ணை விட்டு மறைந்ததும் வேன்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கட்டையின் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள்.

கட்டை ஒரு காரின் அடியிலிருந்து வெளியே வந்தவன், அவளைப் பார்த்ததும் கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வாங்கக்கா. உக்காருங்க. டீ சொல்லவா?"

"டீ குடிக்க வரல தம்பி. ஒரு உதவி."

விஷயத்தைச் சொன்னாள்.

"அவருக்குத் தெரியுமாக்கா?"

"தெரிஞ்சா உன்கிட்ட எதுக்கு வர்றேன்?"

"என் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னு இருக்காரு. அவரு வீட்டுக்குள்ள, அவரு இல்லாத நேரமா..."

"பதிமூணு பிள்ளைங்க தம்பி. நீ வராட்டி நான் ரெஞ்ச வாங்கிட்டுப் போயி நானே கண்ண மூடிட்டு இறுக்குவேன். அதுக்கு நீ வர்றது மேல்."

அவன் உள்ளே போய் நீளமான ஒரு பெட்டியை எடுத்து வந்தான். தெரு வழியாக வராமல் பின்பக்கச் சந்து வழியாக வந்தார்கள். திருட வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு. சொந்த வீட்டுக்குள்ளேயே திருட்டு.

ஷெட்டுக்குள் வந்ததும் கட்டை என்ஜினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். வால்வைத் தொட்டான், பிஸ்டனை ஒரு தள்ளு தள்ளினான். "என்னா வேலக்கா! எங்க ஒர்க்‌ஷாப்புல இவ்ளோ சுத்தம் கிடையாது. போல்ட்டு இடுக்குலகூட ஒரு பொட்டு அழுக்கு இல்ல பாருங்க. எவன் செய்வான் இத?" என்றான். பிறகு ரெஞ்சில் அளவு வைத்து, ராடு போல்ட்டில் மாட்டினான்.

டக். முதல் போல்ட் அசையவே இல்லை. டக். இரண்டாவதும் அப்படியே. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. மூன்றாவதில் ரெஞ்ச் சத்தம் போடவில்லை. போல்ட் திரும்பியது. கால் சுற்றுக்கு மேல் திரும்பிய பிறகுதான் டக் என்றது. மஞ்சள் கோடு இரண்டாக ஒடிந்து நின்றது. கட்டை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டில் இரண்டு திரும்பின. ஹெட்டில் பத்துக்கு மூன்று.

"இப்ப எல்லாம் சரியாயிடுச்சுக்கா. தைரியமா ஓட்டலாம்."

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லு. உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

கட்டை ரெஞ்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். மூடியைச் சாத்தினான். திரும்பத் திறந்தான்.

"கேக்காதீங்கக்கா."

"கேட்டாச்சு."

"டெப்போவுலயே ஒரு வருஷமா அக்கா. அப்பவே அவருக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பிச்சிருந்துச்சு. அவரு இறுக்கிட்டு அடுத்த வண்டிக்குப் போவாரு. நான் பின்னாலயே போயி, அவரு பாக்காதப்ப, எல்லா நட்டையும் ஒரு தரம் பிடிச்சு விட்டுடுவேன். யார்கிட்டயும் சொல்லல. எனக்கு வேலை கத்துக்குடுத்தவரு. எப்படிச் சொல்றது? சக்கரம் கழண்ட அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்க்கா. எழுந்திருக்க முடியல. லீவு போட்டேன்."

அவள் ஒடிந்த கோடுகளைத் திரும்ப ஒரு தரம் பார்த்தாள்.

"விசாரணையில வாயத் தொறந்தா இதத்தான் சொல்லியிருக்கணும். அதான் ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். அவரு என்னைத் திட்டட்டும், பரவால்ல. ஆனா கை மரத்துப்போச்சுன்னு தெரிஞ்ச மொத நாளே நான் அவர்கிட்ட நேரா சொல்லியிருந்தா அந்தக் கண்டக்டருக்குக் கால் இருந்திருக்கும்ல? அத நெனச்சுத்தான் வேலையையே விட்டேன்."

அவன் சந்து வழியாகவே போய்விட்டான். வேன்காரம்மா எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. மூன்று வருஷமாகக் கட்டையை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தாள். அவன் ஒரு வருஷம் செய்த அதே வேலையைத்தான் இன்றைக்கு அவளும் செய்திருந்தாள். அவருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல எண்ணத்தில்தான் ஒருத்தன் காலைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறான்.

மணியைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பெட்ரோல் துணியால் ஒடிந்த ஐந்து கோட்டையும் துடைத்தாள். அவருடைய டப்பாவையே திறந்து, அவருடைய பிரஷாலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு புதுக் கோடு இழுத்தாள். பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. கொஞ்சமும் பிசகவில்லை. எட்ட நின்று பார்த்து, யாரும் குறை சொல்ல முடியாது என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். பைத்தியக்காரி.

மதியம் அவர்கள் வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. போர்மேன் புதுப் பேக்கிங்கை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். பிறகு, "இங்க வா" என்று கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இந்தக் கோடு யாரு போட்டது?"

"நீங்கதானே போட்டீங்க."

"இதையெல்லாம் நான் போட்டேன்." நெளிந்த கோடுகளை வரிசையாகக் காட்டினார். பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது, இது. மேல இது, இது, இது. அஞ்சு. இது யாரு?"

"உங்களுக்கு மறந்திருக்கும்..."

அவர் வலது கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்கள் தாமாகவே ஆடின. இத்தனை வருஷமாக அவர் யாருக்கும் காட்டாமல் மறைத்த கை அது.

"இந்தக் கைக்கு இவ்வளவு நேரா கோடு போட வருமா? சொல்லு."

அவள் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தாள்.

"நகந்திருக்கு. அதான் தொடச்சுட்டுப் புதுசா போட்டிருக்க. அஞ்சு நகந்திருக்கு. யாரு வந்தது? கட்டையா?"

"அவன்கிட்டதான் அந்த ரெஞ்ச் இருக்கு."

"ம்." பேக்கிங்கை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லு. டெப்போவுலயும் அவன் இப்படித்தான் எனக்குப் பின்னாலயே வந்துக்கிட்டு இருந்தானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எத்தனை பொய் சொல்லியிருக்கிறாள், எத்தனை பேரிடம்! அந்த ஒன்று மட்டும் நாக்கில் ஏறவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு அவன் லீவு" என்றார்.

பிறகு நாற்காலியை இழுத்து என்ஜினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். காக்கிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்ப்ப நீ மாட்டு."

"நானா? எனக்கு என்ன தெரியும்? நீங்களே..."

"மாட்டுன்னா மாட்டு. நான் சொல்றேன். பேக்கிங்க மொதல்ல வை. முறுக்காம வை. நடுவுல இருந்து ஆரம்பி. எல்லாத்தையும் கையாலயே ரெண்டு சுத்து விடு. இப்ப ஸ்பேனர எடு. குறுக்க, எதிர்ப் பக்கம். இறுக்கிடாத, கொஞ்சம் கொஞ்சமா."

அவள் மாட்டினாள். அழுதுகொண்டேதான் மாட்டினாள். வாசலில் நின்ற டெய்லரக்கா, கண்ணில் விட்ட மருந்தோடு, "என்னடா, அவள வேல வாங்குற? உனக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. கை வலிக்குது" என்றார் போர்மேன்.

மிச்ச இரண்டு நாளும் அப்படியேதான் நடந்தது. அவர் நாற்காலியிலிருந்து சொன்னார், அவள் செய்தாள். ஒரு தப்பு விடவில்லை அவர். எந்தக் குழாய் எங்கே, எந்த ஒயர் எதற்கு அடியில், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் வந்து கை கொடுத்து என்ஜினை ஏற்றினார்கள். எந்த போல்ட்டிலும் கோடு போடவில்லை. கோடு போடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "எதுக்கு?" என்றார். அதோடு சரி. பேச்சு என்றால் ஸ்பேனர் நம்பர்தான். கட்டையைத் திட்டவில்லை, அவளைத் திட்டவில்லை. திட்டினால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாப்பிடும்போது ஒரே ஒரு முறை, தட்டைப் பார்த்தபடி, "அந்தக் கண்டக்டருக்கு எந்தக் காலு? வலதா, இடதா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் சண்டை போட்டாளே தவிர, அது அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினாள். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, தட்டல் இல்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. கை வைத்துப் பார்த்தால்தான் ஓடுகிறது என்றே தெரியும். பத்து நாள் மண்ணெண்ணெயில் ஊறி, ஒவ்வொரு சாமானையும் தடவித் தடவிப் பார்த்து அவர் கோர்த்த வேலை. ஐந்து போல்ட்டைத் தவிர அத்தனையும் அவர் வேலை. போர்மேன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

பேங்க் அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள். வந்தவள் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"அட, சத்தமே இல்லையே! யாருக்கா செஞ்சது?"

வேன்காரம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயைத் திறப்பதற்குள் போர்மேன் பதில் சொல்லிவிட்டார்.

"வெளிய குடுத்துச் செஞ்சதும்மா."

"அப்பாடா! நீங்களே வீட்டுல பிரிச்சுப் போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க. எனக்கு நேத்து முழுக்க ஒரே யோசனை. ஆட்டோ சொல்லிடலாமான்னுகூட இவங்கப்பாகிட்ட கேட்டேன். நல்ல வேளை!"

"ஆமாம்மா, நல்ல வேளை" என்றார் போர்மேன். பிள்ளையின் பையை இடது கையில் வாங்கி, வேனுக்குள் வைத்து, கதவைச் சாத்தினார்.

"இல்லம்மா, இவருதான்..." என்று ஆரம்பித்தாள் வேன்காரம்மா.

"பிள்ளைங்களுக்கு நேரமாகுது" என்றார் அவர். "வண்டிய எடு."

அவள் கியரைப் போட்டாள்.